பெயர் தெரியாத மரத்தை இலையை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

மரங்களில் ஆர்வம் வந்த புதிதில் எல்லாரும் செய்வது ஒன்று உண்டு. ஓர் இலையைப் பறித்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுத்து, தெரிந்தவர்களுக்கு அனுப்பி, “இது என்ன மரம்?” என்று கேட்பார்கள். எனக்கும் அப்படி நிறைய படங்கள் வரும். நீள்வட்ட இலை, வெட்டு இல்லாத ஓரம், கொஞ்சம் நீண்ட நுனி. மா, நாவல், மகிழம், இலுப்பை, எட்டி என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால் நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “கிளையோடு ஒரு படம் கிடைக்குமா?”

வெப்பமும் மழையும் உள்ள நிலத்தில் மிகப் பல மரங்களுக்கு இலை இப்படித்தான் அமைகிறது. ஓரம் வழவழவென்றும், மழைநீர் வழிந்தோட வசதியாக நுனி நீண்டும் இருக்கும். குளிர்நாடுகளில் ஓக், மேப்பிள் மரங்களை இலையின் வெட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அங்கே எழுதிய கையேடுகளில் இலை வடிவம் முதலில் வருவது அதனால்தான். இங்கே அந்த வழி உதவாது. நம் ஊரில் வடிவத்தைக் கடைசியில் பாருங்கள். இலை கிளையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பூவைப் பார்த்துச் சொல்வது சுலபம்தானே என்று தோன்றும். ஆனால் பல மரங்கள் வருடத்தில் சில வாரங்கள்தான் பூக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளுக்குக் கீழே உள்ள பசுமைமாறாக் காடுகளில் பூ முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. அந்தக் காட்டு மரங்களுக்காகப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து பாஸ்கலும் ரமேஷும் சேர்ந்து 1987இல் வெளியிட்ட களத் திறவுகோல் (காட்டில் அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மரத்தின் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் கையேடு), பூவை நம்பாமல் இலை, கிளை, பட்டை, பால் ஆகியவற்றை வைத்தே மரத்தைப் பிரித்தறியச் சொல்கிறது. கீழே நான் சொல்லும் வரிசையும் அந்த வழியைச் சேர்ந்ததுதான்.

கிளம்பும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று, குறிப்பேடு, பென்சில், பழைய செய்தித்தாள் இருந்தால் போதும். இன்னும் ஒன்று: காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது. அங்கே விழுந்து கிடக்கும் சிறு கிளையும் கேமராவும்தான் உங்கள் கருவிகள்.

முதல் படி: சரியான கிளையைத் தேர்ந்தெடுங்கள்

தனி இலை வேண்டாம். நுனிமொட்டோடு, ஐந்தாறு முற்றிய இலைகளாவது உள்ள சிறு கிளை வேண்டும். அது வெயில் படும் இடத்தில் வளர்ந்ததாக இருக்கட்டும். அடிமரத்திலிருந்து கிளம்பும் துளிர், வெட்டிய இடத்தில் தழைத்தது, கன்று ஆகியவற்றின் இலை ஏமாற்றும். தேக்கங்கன்றின் இலை முற்றிய மரத்தின் இலையைவிடப் பல மடங்கு பெரிது. பலா இன்னும் மோசம். ஒரு தோப்பில் பலா மரத்தடியில் மூன்று மடலாகப் பிளந்த இலையோடு நின்ற கன்றுகளைப் பார்த்து, வேறு ஏதோ செடி என்று எழுதிவைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வருடம் போனபோது அதே கன்றின் மேல்பகுதியில் சாதாரணப் பலா இலைகள் வந்திருந்தன. இளம் பலாவுக்கு இலை பிளந்திருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

தரையில் கிடக்கும் இலையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மேலே படர்ந்த கொடியின் இலையாக இருக்கலாம். பனைமரத்தின் மேல் முளைத்த ஆலினுடையதாகவும் இருக்கலாம்.

இரண்டாம் படி: எது இலை, எது சிற்றிலை?

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வேப்பிலை என்று நாம் கையில் எடுக்கும் சின்னப் பச்சைத் துண்டு உண்மையில் ஓர் இலை இல்லை, சிற்றிலை. நடுக்காம்பும் அதன் இருபுறமும் உள்ள எல்லாச் சிற்றிலைகளும் சேர்ந்துதான் ஓர் இலை. இப்படிப்பட்டதைக் கூட்டிலை என்கிறோம். மா, நாவல், அரசு போன்றவற்றுக்கு இருப்பது தனி இலை.

இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு சோதனை போதும். காம்பு கிளையோடு சேரும் கக்கத்தைப் பாருங்கள். இலை என்றால் அந்தக் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிறியதாக, கடுகளவு கூட இல்லாமல், பழுப்பாகவோ மயிரோடோ இருக்கலாம். லென்ஸை வைத்தால் தெரியும். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. வேப்பங்கொத்து ஒன்றை எடுத்து இப்போதே பார்க்கலாம்: சிற்றிலை ஒவ்வொன்றின் அடியிலும் தேடுங்கள், எதுவும் இருக்காது. நடுக்காம்பு கிளையில் ஒட்டும் இடத்துக்கு வாருங்கள், மொட்டு அங்கே உட்கார்ந்திருக்கும்.

இப்போது நெல்லிக்குப் போங்கள். பார்த்தவுடன் புளியைப் போலக் கூட்டிலை என்றே தோன்றும். ஆனால் நெல்லியில் அந்தச் சின்னஞ்சிறு துண்டு ஒவ்வொன்றும் தனி இலை. அவற்றைத் தாங்குவது மெல்லிய கிளை. எப்படி நிச்சயமாகச் சொல்வது? பூவும் காயும் அந்த இலைகளின் கக்கத்தில்தான் வருகின்றன. சிற்றிலையின் கக்கத்தில் பூ வராது. நம் முன்னோர் இதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்கும் சிறுசெடிக்குக் கீழாநெல்லி என்று பெயர். அதுவும் நெல்லியின் இனம்தான்.

கூட்டிலை என்று முடிவானால் அது எந்த வகை என்று பாருங்கள். காம்பின் இருபுறமும் ஒரே வரிசையாகச் சிற்றிலைகள் இருந்தால் அது ஒருமுறை சிறகு: வேம்பு, புங்கன், புளி, சரக்கொன்றை. நுனி எப்படி முடிகிறது என்பதும் முக்கியம். புளியும் சரக்கொன்றையும் ஒரு சோடிச் சிற்றிலையோடு முடியும். புங்கன் நுனியில் ஒற்றைச் சிற்றிலை நிற்கும். காம்பு கிளைத்து, கிளைகளில் சிற்றிலைகள் வந்தால் இருமுறை சிறகு: வாகை, தூங்குமூஞ்சி, குல்மொகர். வேம்பையும் மலைவேம்பையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்கும் இதுதான் விடை. வேம்பு ஒரே முறை, மலைவேம்பு இரண்டு மூன்று முறை கிளைக்கும். முருங்கை மும்முறை. கொடுக்காப்புளி தனி ரகம்: காம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் இரண்டே சிற்றிலைகள், ஆக மொத்தம் நான்கு.

மூன்று சிற்றிலை உள்ளவை ஒரு சின்னக் கூட்டம். வில்வத்துக்குக் கக்கத்தில் நேரான முள், கசக்கினால் வாசனை. மாவிலங்கத்துக்கு இரண்டும் இல்லை. ஆனால் பூசைக்கு வில்வம் என்று மாவிலங்கத்தைப் பறித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாண முருங்கைக்குக் கிளையில் முள் உண்டு. புரசின் சிற்றிலை பெரியது, தடித்தது, அடிப்பக்கம் தடவினால் மெல்லிய மயிர் தெரியும்.

எல்லாச் சிற்றிலைகளும் ஒரே புள்ளியிலிருந்து விரல்களைப் போல விரிந்தால் கைவடிவக் கூட்டிலை. இலவம், பீநாறி, நொச்சி இதில் வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, அடுத்த படியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: கணுவுக்கு எத்தனை இலை?

ஒரு கணுவில் ஓர் இலை என்றால் மாற்றிலை அமைவு. எதிரெதிராக இரண்டு என்றால் எதிரிலை அமைவு. மூன்று அல்லது அதற்கு மேல் சுற்றி நின்றால் வட்ட இலை அமைவு. பள்ளியில் படித்ததுதான். மரத்தடியில் நிற்கும்போது இதற்குள்ள பலம் அப்போது புரிந்திருக்காது. மாற்றிலை மரங்கள்தான் அதிகம். எதிரிலை என்று தெரிந்த நொடியில் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும்.

நாவல், கொய்யா, புன்னை, தேக்கு, கடம்பு, மஞ்சணத்தி, எட்டி எல்லாம் எதிரிலை. மா, பலா, அரசு, பூவரசு, மகிழம், இலுப்பை எல்லாம் மாற்றிலை. தேக்கில் இன்னொரு அடையாளமும் சேரும்: இளங்கிளை சதுரமாக இருக்கும், இளந்தளிரைக் கசக்கினால் விரல் சிவக்கும்.

இனி அந்தப் பொறி. ஏழிலைப்பாலையும் இலவமும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் இலைகள் குடைபோல விரிந்திருக்கும். கிட்டே போய் விரலை வையுங்கள். இலவத்தில் எல்லாச் சிற்றிலைகளும் ஒரு நீண்ட காம்பின் நுனியில் சேர்கின்றன, அந்தக் காம்புதான் கிளைக்குப் போகிறது. ஏழிலைப்பாலையில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிளையின் கணுவிலேயே ஒட்டியிருக்கிறது. முன்னது ஒரே இலை, பின்னது ஏழு இலை. எண்ணிக்கை ஐந்தாகவோ ஆறாகவோ இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், மரம் எப்போதும் ஏழை எண்ணிக்கொண்டு வளர்வதில்லை.

மருதத்தில் எச்சரிக்கை தேவை. இலைகள் கிட்டத்தட்ட எதிரெதிராக, ஆனால் சரியாக நேருக்கு நேர் இல்லாமல் நிற்கும். சந்தேகம் வந்தால் பத்துக் கணுக்களைப் பாருங்கள். கிளையின் பழைய பகுதியில் இலை உதிர்ந்த தழும்புகள் இருக்கும், அவை பொய் சொல்லாது.

நான்காம் படி: காம்பின் அடியும் நுனிமொட்டும்

அரசு, ஆல், அத்தி எதுவானாலும் அதன் கிளை நுனியைப் பாருங்கள். கூர்மையான கொம்பு மாதிரி ஓர் உறை இளந்தளிரை மூடியிருக்கும். இலை விரிந்ததும் அந்த உறை விழுந்துவிடும். விழுந்த இடத்தில் கிளையைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல ஒரு கோடு நிற்கும். பால், மாற்றிலை, மோதிரத் தழும்பு மூன்றும் சேர்ந்தால் ஆல் அத்தி குடும்பம் என்று தைரியமாக எழுதலாம். பலாவும் அந்த வீடுதான்.

கடம்புக்கும் மஞ்சணத்திக்கும் வேறு மாதிரி. எதிரெதிரான இரண்டு காம்புகளுக்கு நடுவே, கிளையின் மேலேயே ஒரு சிறு செதில் இருக்கும். எதிரிலை, நடுவே செதில் இரண்டும் இருந்தால் காப்பிச் செடியின் குடும்பம். காப்பித் தோட்டம் பக்கம் போகிறவர்கள் அங்கேயே இதைப் பழகிக்கொள்ளலாம்.

மருதத்தின் காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சின்னப் புடைப்புகள் இருக்கும். அவை சுரப்பிகள். வாகையின் காம்பிலும் இப்படி ஒன்று உண்டு. வாகை, கொன்றை, புங்கன் போன்ற அவரைக் குடும்பத்து மரங்களில் காம்பின் அடி விரல்மூட்டு மாதிரி பருத்திருக்கும். தூங்குமூஞ்சி மாலையில் இலையை மடக்குவது இந்த மூட்டுகளால்தான்.

ஐந்தாம் படி: கிள்ளிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், வாயில் மட்டும் வைக்காதீர்கள்

இலைக்காம்பைக் கிள்ளிச் சில நொடி காத்திருங்கள். பால் வருகிறதா? வெள்ளையா, மஞ்சளா? கோடையில் சில மரங்களில் குறைவாகத்தான் வரும், இரண்டு மூன்று இடங்களில் கிள்ளிப் பாருங்கள்.

“பாலை” என்று பெயர் கொண்ட மரங்கள் நம்மிடம் பல இருக்கின்றன: வெப்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை. எல்லாவற்றிலும் பால் உண்டு. ஆனால் அமைவைப் பார்த்தால் பிரிந்துவிடும். வெப்பாலையும் குடசப்பாலையும் எதிரிலை, ஏழிலைப்பாலை வட்ட அமைவு, உலக்கைப்பாலை மாற்றிலை. உலக்கைப்பாலையின் இலை நுனியில் கிள்ளி எடுத்தாற்போல ஒரு பள்ளமும் இருக்கும். முதல் மூன்றும் அரளிக் குடும்பம், கடைசியது இலுப்பை, மகிழம் குடும்பம். மூன்றாம் படியையும் ஐந்தாம் படியையும் சேர்த்துப் பார்த்தாலே இவ்வளவும் கிடைத்துவிடுகிறது.

வாசனைக்கு, இலையை நன்றாகக் கசக்கி உடனே முகருங்கள். மா இலையில் மாங்காய் வாசனை. வில்வம், விளா, கறிவேப்பிலை, நாரத்தை எல்லாம் ஒரே குடும்பம், ஒவ்வொன்றுக்கும் தனி மணம். நாவல் இலையில் டர்பென்டைன் சாயல் இருக்கும்.

இந்தப் படியில் விளையாட்டு கூடாது. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும், தோலிலும் புண்ணாகும். சிதம்பரத்தின் தலமரமான அது பிச்சாவரம் உப்பங்கழியில் நிறைய நிற்கிறது. படகில் போகும்போது கிளையை எட்டிப் பிடிக்காதீர்கள். சேராங்கொட்டையின் சாறு தோலில் கொப்புளம் போடும். அதன் கொட்டைச் சாறு கறுப்பாக மாறி அழியாமல் நிற்பதால்தான் சலவைக்கு வந்த துணியில் குறியிட அதைப் பயன்படுத்தினார்கள். எட்டி கொடிய விஷம். அதனால் தெரியாத மரத்தின் இலையைக் கடித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். பால் பட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்ப்பதும் கூடாது.

ஆறாம் படி: வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்

இலையைச் சூரியன் பக்கம் பிடித்து, அடிப்பக்கத்திலிருந்து லென்ஸில் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இது. நாரத்தை இலையைப் பிடித்தால் ஊசியால் குத்தினாற்போல நூற்றுக்கணக்கில் ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள், வாசனை அங்கிருந்துதான் வருகிறது. கொய்யாவிலும் நாவலிலும் புள்ளிகள் உண்டு. நாவலில் இன்னொன்றையும் பாருங்கள்: பக்க நரம்புகள் நெருக்கமாக ஓடி, இலையோரத்துக்குச் சற்று உள்ளே, ஓரத்தோடு கூடவே போகும் ஒரு கோட்டில் போய்ச் சேரும். எதிரிலை, புள்ளிகள், ஓரத்துக்கு உள்ளே ஒரு நரம்பு மூன்றும் இருந்தால் நாவல் கொய்யா குடும்பம்.

புன்னை இலை முற்றிலும் வேறு. நூல் இழுத்துக் கட்டியது மாதிரி நரம்புகள் நெருக்கமாக, நடுநரம்புக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஓடும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. எட்டியில் அடியிலிருந்தே மூன்று முதல் ஐந்து நரம்புகள் வளைந்து நுனியை நோக்கிப் போகும். எதிரிலையாக இருந்து, பாலும் வாசனையும் இல்லாமல், இந்த நரம்பும் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: இப்போது வடிவம்

சில இலைகள் வடிவத்தாலேயே பெயர் சொல்லும். மந்தாரை இரண்டாகப் பிளந்த மாட்டுக்குளம்பு. அரசின் நுனி வால்போல நீண்டிருக்கும். பூவரசு இதயவடிவம்தான், வால் குட்டை, காம்பைக் கிள்ளினால் அரசைப் போல வெள்ளைப் பால் வராது. சின்ன வயதில் பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேப்பஞ்சிற்றிலையின் ஓரம் ரம்பப்பல், அடியில் ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி இருக்கும். இலையைத் தடவியும் பாருங்கள், சொரசொரப்பும் ஓர் அடையாளம்தான்.

எழுதுவதும் உறுதிசெய்வதும்

பார்த்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதினால் மாற்றிலையா எதிரிலையா என்பதே மறந்துவிடும். படம் எடுப்பதானால் ஐந்து: முழு மரம், பட்டை, கிளை, இலையின் அடிப்பக்கம், கணுவின் நெருக்கப் படம். செல்போன் செயலிகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அது தரும் பெயரை விடை என்று எடுக்காமல், மேலே சொன்ன படிகளில் சோதித்துப் பாருங்கள். எதிரிலை மரத்துக்கு மாற்றிலை மரத்தின் பெயரைச் சொன்னால் அங்கேயே தள்ளிவிடலாம்.

ஊர்ப் பெரியவர்களிடம் பெயர் கேளுங்கள். பெயரோடு, “இதை எதுக்குப் பயன்படுத்துவீங்க?” என்றும் கேளுங்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும், பயன் பெரும்பாலும் மாறாது. சந்தேகம் தீராவிட்டால், செய்தித்தாளுக்குள் வைத்துக் காயவைத்த கிளையைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவர ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பில் உள்ளவற்றோடு ஒப்பிட வழி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள்.

பழகுவதற்கு நான் எல்லாருக்கும் சொல்வது கோயில் தலமரங்களைத்தான். பெயர் உறுதியாகத் தெரிந்த மரங்கள் அவை. மயிலாப்பூரில் புன்னை, திருவான்மியூரில் வன்னி, திருவொற்றியூரில் மகிழம், மதுரையில் கடம்பு, திருவானைக்காவில் வெண்நாவல். பறிக்காமல் கணுவையும் நரம்பையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு மரத்தை முழுவதுமாகப் பார்த்துவிடுவோம்

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில்காட்டில், கோணல்மாணலாக வளர்ந்த, அடர்த்தியான ஒரு மரம். பூ இல்லை, காய் இல்லை. தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். கக்கத்தில் மொட்டு இருந்தது, அப்படியானால் தனி இலை. கணுவுக்கு ஒன்று, இருபக்கமும் மாறி மாறி: மாற்றிலை. காம்பு மிகவும் குட்டை. கிள்ளியதும் வெள்ளைப் பால். ஆல் இனமோ என்று நுனியைப் பார்த்தேன். கொம்பு மாதிரி உறை இல்லை, கிளையைச் சுற்றி மோதிரத் தழும்பும் இல்லை. சரி, ஆல் இல்லை. இலுப்பை குடும்பமோ? அவற்றில் இலைகள் கிளை நுனியில் குவிந்திருப்பது வழக்கம், இதில் கிளை நெடுகப் பரவியிருந்தன. ஓரத்தில் மங்கலான பற்கள். வெளிச்சத்தில் புள்ளிகள் இல்லை. கடைசியில் தடவிப் பார்த்தபோது விரல் நின்றுவிட்டது. தச்சர்கள் தேய்க்கும் உப்புத்தாள் மாதிரி அப்படி ஒரு சொரசொரப்பு.

மாற்றிலை, பால், மோதிரம் இல்லை, உப்புத்தாள் இலை. குறிப்பேட்டில் “பராய்?” என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், “இந்த எலைய எதுக்காச்சும் எடுப்பாங்களாம்மா?” என்று கேட்டேன். “கட்டைய தேய்க்க எடுப்பாங்க தம்பி, வழவழன்னு ஆயிரும்” என்றார்.

அடுத்த வாரம் திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் உள்ள திருப்பராய்த்துறைக்குப் போனேன். அந்தக் கோயிலின் தலமரம் பராய், ஊருக்குப் பெயர் வந்ததே அதனால்தான். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கணு, காம்பு, நுனி, ஓரம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கடைசியாக இலையைப் பறிக்காமல் விரலால் ஒருமுறை தடவினேன். அதே சொரசொரப்பு. கேள்விக்குறியை அடித்தேன்.